பிரிண்ட் போட்டால் ஓடும், எடுத்தால் விழும்

ஐ2சி பஸ்ஸில் (சிப்கள் பேசிக்கொள்ளும் இரண்டு கம்பித் தடம்) இணைந்த ஒரு சென்சார் சிப்புக்கு லினக்ஸ் டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) எழுதிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்த சமயத்தில்தான் சிக்கல் வந்தது. என் போர்டில் ஒழுங்காக ஓடிய டிரைவர், கூட வேலை செய்பவரின் போர்டில் அவ்வப்போது -121 என்ற பிழையைக் கக்கியது. அழைத்தோம், மறுமுனையில் பதில் இல்லை என்று அதற்கு அர்த்தம். அதுவும் சிப் வெகுநேரம் சும்மா கிடந்த பிறகு, முதல் முறை படிக்கும்போது மட்டும்.

தன் முகவரி பஸ்ஸில் வந்தால்தான் இந்தச் சிப் தூக்கத்திலிருந்து எழத் தொடங்கும். அந்த முதல் அழைப்புக்குப் பதில் தராது. அதனால் வெறுமனே ஒருமுறை தட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, அப்புறம்தான் ரிஜிஸ்டரை, அதாவது சிப்புக்குள் தகவல் இருக்கும் இடத்தை, படிக்க வேண்டும். எவ்வளவு பொறுக்க வேண்டும்? டேட்டாஷீட்டில் ‘டிப்பிக்கல்’ என்ற பத்தியில் 5 மில்லி விநாடி என்று இருந்தது. பக்கத்தில் ‘மேக்ஸிமம்’ பத்தி காலி. அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எம்ஸ்லீப் 5, அதாவது ‘5 மில்லி விநாடி தூங்கு’, என்று போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

சரி, எங்கே விழுகிறது என்று பார்க்கலாம் என, காத்திருப்புக்கும் படிப்புக்கும் நடுவே ஒரு பிரிண்ட் வரி (செய்தி எழுதும் கட்டளை) சேர்த்தேன். பிழை காணாமல் போனது. வரியை எடுத்தேன், திரும்ப வந்தது. இரண்டு நாள் இப்படியே போனது. கம்பைலர்மேல்கூடச் சந்தேகப்பட்டேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடைசியில், கம்பியில் ஓடும் சிக்னலை நேரத்தோடு காட்டும் லாஜிக் அனலைசரை மாட்டிப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழ அந்தச் சிப் எடுத்துக்கொண்ட நேரம் ஏறக்குறைய 9 மில்லி விநாடி. லினக்ஸின் மையமான கர்னலின் செய்திகள் போய்க்கொண்டிருந்த சீரியல் கன்சோலின் வேகம் விநாடிக்கு 115200 பிட். ஓர் எழுத்துக்குப் பத்து பிட், அதாவது சுமார் 87 மைக்ரோ விநாடி. என் பிரிண்ட் வரி 80 எழுத்து. அது வெளியேறி முடிக்கவே 7 மில்லி விநாடி ஆகிவிடும். நான் பிழையைத் தேடிப் போட்ட வரியே சிப்புக்கு வேண்டிய அவகாசத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அப்படியென்றால் பிரிண்ட் இல்லாமலே என் போர்டில் எப்படி ஓடியது? என் கர்னலில் டைமர் துடிப்பு விநாடிக்கு 100. எம்ஸ்லீப் காத்திருப்பை இந்தத் துடிப்புகளில்தான் அளக்கும். அதில் எம்ஸ்லீப் 5 என்று எழுதினாலும் உண்மையில் 10 முதல் 20 மில்லி விநாடி வரை தூங்கிவிடும். நண்பரின் கர்னலில் துடிப்பு 1000. அங்கே 5 என்றால் கிட்டத்தட்ட 5தான்.

எண்ணை 50 ஆக்கிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். நானும் ஆக்கினேன். லேசான தூக்கத்திலிருந்து 3 மில்லி விநாடியில் எழும் சிப்புக்கும் ஒவ்வொரு முறையும் 50 காத்திருந்ததில் எல்லாம் மந்தமானது. கணினிக்குள் கார்டுகளை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸில் இருக்கும் கருவிகள் இதில் கொடுத்துவைத்தவை. ‘இன்னும் தயாராகவில்லை, பிறகு கேள்’ என்று பதில் சொல்லவே அங்கே ஒரு வழி உண்டு. ஐ2சியில் தூங்கும் சிப்பும் பஸ்ஸிலேயே இல்லாத சிப்பும் ஒன்றுபோலத்தான் மௌனமாக இருக்கும்.

அதனால் ஒரு மில்லி விநாடிக்கு ஒருமுறை கேட்டுப் பார்ப்பது, 100 மில்லி விநாடிக்குள் பதில் வராவிட்டால் கைவிடுவது என்று ஒரு லூப் எழுதினேன். அதிலும் ஓர் ஓட்டை. கணினிக்கு வேலைப்பளு ஏறியபோது என் த்ரெட் (லூப்பை ஓட்டும் வேலை) தூங்கப்போய், 100 கடந்த பிறகுதான் திரும்பி வந்தது. சிப் எப்போதோ எழுந்துவிட்டது. என் லூப்போ கடிகாரத்தை மட்டும் பார்த்து ‘நேரம் முடிந்தது’ என்று சொல்லிவிட்டது. கர்னலிலேயே இருக்கும் ரீட் போல் டைம்அவுட் மேக்ரோ, நேரம் தாண்டியிருந்தாலும் கைவிடுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை கேட்டுவிடும். என் லூப்பைத் தூக்கிவிட்டு அதைப் போட்டேன்.

பவர் பக்கத்தில் இன்னொன்று மிச்சமிருந்தது. விழிப்பு ஒருமுறை தோற்றுவிட்டால், அதற்குப் பிறகு சிப் தூங்கவே மறுத்தது. சிப்பை எழுப்ப நான் பயன்படுத்திய பிஎம் ரன்டைம் கெட் சிங்க் என்ற கர்னல் ஃபங்ஷன், தோல்வியடைந்தாலும் பயன்பாட்டுக் கணக்கை ஒன்று ஏற்றிவிடும். அந்தக் கணக்கு பூஜ்யமானால்தான் சிப் தூங்கும். இறக்க வேண்டியது நாம்தான். தோற்றால் தானே இறக்கிவிடும் ‘ரெஸ்யூம் அண்ட் கெட்’ 5.10 கர்னலிலிருந்தே இருக்கிறது. அதற்கு மாறினேன். ஒவ்வொரு படிப்புக்கும் தூங்கி எழாமல் இருக்க ஆட்டோசஸ்பெண்டை, அதாவது சும்மா இருந்தால் தூங்கப்போகும் முன் உள்ள அவகாசத்தை, 2 விநாடி என்று வைத்தேன்.

நண்பரின் போர்டை ஓர் இரவு முழுக்கச் சும்மா விட்டு, காலையில் படித்துப் பார்த்தோம். ஒன்பதாவது கேள்விக்குப் பதில் வந்தது.

இதற்கிடையில் சிப் தயாரிப்பாளருக்கு, அதிகபட்ச விழிப்பு நேரம் எவ்வளவு என்று கேட்டு எழுதியிருந்தேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: வழக்கமாக 5 மில்லி விநாடி.