பாஸ்டனின் டிசம்பர் இரவுகள்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த மைட்டி மைட்டி பாஸ்டோன்ஸ் இசைக்குழு 2022 ஜனவரியில் கலைந்துவிட்ட போதிலும், டிசம்பர் பிறந்துவிட்டால் பழைய ரசிகர்களாகிய எங்கள் பேச்சு 'ஹோம்டவுன் த்ரோடவுன்' கச்சேரிகளைத்தான் சுற்றி வருகிறது. 1994-இல் தொடங்கிய அந்த ஆண்டுத் தொடர், பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜ் நகரின் மிடில் ஈஸ்ட் அரங்கில் அடுத்தடுத்த இரவுகளில் நடைபெற்றது. வெளியே கடுங்குளிர் வாட்ட, உள்ளே கனத்த மேலங்கியைக் கழற்றி வைக்க இடமின்றி வியர்வையில் நனைந்தபடி, கிட்டார்களின் இரைச்சலைப் பிளந்துகொண்டு டிராம்போனும் சாக்சபோனும் எழும் கணத்துக்காகக் கூட்டம் காத்து நிற்கும். பாடாமலும் கருவி எதையும் வாசிக்காமலும் ஆடுவதற்கென்றே மேடையில் நின்ற பென் கார் என்ற உறுப்பினரைப் பார்த்து முதலில் வியந்தவர்கள், அவர் இல்லாத பாஸ்டோன்ஸைப் பின்னர் கற்பனைகூடச் செய்ததில்லை.

1997-ஆம் ஆண்டுக் கச்சேரிகளின் ஒலிப்பதிவு மறு ஆண்டே ஆல்பமாக வெளிவந்தது. என்னைக் கேட்டால், பாடகர் டிக்கி பேரட்டின் கரகரத்த குரல் ஸ்டுடியோவில் பதிவான ஆல்பங்களைவிட அதில்தான் இயல்பாக ஒலிக்கிறது. குழு சில ஆண்டுகள் ஒதுங்கியிருந்து 2007-இல் திரும்பியபோது, அதே மிடில் ஈஸ்டில் த்ரோடவுனும் மீண்டது. பின்னாளில் பெரிய அரங்குகளுக்கு மாறியது வளர்ச்சிதான் என்று நண்பர்கள் வாதிடுகிறார்கள். நான் இன்னும் இணங்கவில்லை.