பன்னிரண்டு நிமிடம் பேச நான்கு மாதம்

காது கேட்கும் திறனைச் சோதிப்பது என் வேலை. சத்தம் புகாத சின்ன அறையில் ஒருவரை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்பி, எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று குறித்துக்கொள்வேன். அந்த அறையில் வருடக்கணக்காகக் கேட்டு வந்த ஒரே புகார்தான் என்னை மேடை ஏற வைத்தது: "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. வீட்டுல இருக்கறவங்கதான் முணுமுணுன்னு பேசறாங்க."

அவர்கள் பொய் சொல்லவில்லை. வயதாலோ தொடர்ந்த இரைச்சலாலோ கேட்கும் திறன் குறையும்போது, பெரும்பாலும் முதலில் போவது உயர் அதிர்வெண் ஒலிகள், அதாவது கீச்சென்ற ஒலிகள். உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. வல்லின எழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் அடையாளங்கள் பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கின்றன. அதனால் குரல் வருகிறது என்று தெரியும், ஆனால் சொல் பிடிபடாது. பட்டு என்றார்களா, தட்டு என்றார்களா, கட்டு என்றார்களா? பல வீடுகளில் கோபம் கிளம்புவது இந்த இடத்தில்தான். வீட்டார் கத்த ஆரம்பிக்கிறார்கள், இவர் பேச்சையே குறைத்துக்கொள்கிறார். இதை அறைக்கு வெளியே நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். டெட்எக்ஸ் நிகழ்வு ஒன்றுக்குப் பேச்சாளர்கள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்ததும் விண்ணப்பித்துவிட்டேன்.

டெட் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். தொழில்நுட்பம், பொழுதுபோக்கு, வடிவமைப்பு மூன்றையும் ஒரே மேடையில் பேச 1984-ல் அமெரிக்காவில் தொடங்கிய மாநாடு அது. 2006-ல் உரைகளை இணையத்தில் இலவசமாகப் போட ஆரம்பித்தார்கள். 2009-லிருந்து, உரிமம் வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் தங்கள் ஊரில், தங்கள் மொழியில் அதே மாதிரி நிகழ்வை நடத்தலாம் என்றார்கள், அதுதான் டெட்எக்ஸ். உரை 18 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பேச்சாளருக்குப் பணம் கிடையாது. மேடையில் எதையும் விற்கக் கூடாது. அறிவியல் என்று எதைச் சொன்னாலும் அதற்கு ஆதாரம் இருக்க வேண்டும். எனக்குக் கொடுத்தது 12 நிமிடம்.

விண்ணப்பத்தில் என்னை மடக்கியது ஒரே கேள்வி. "உங்கள் கருத்தை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்." காதைப் பாதுகாப்பதன் அவசியம் என்று எழுதினேன். ஏற்பாட்டுக் குழுவில் எனக்கு வழிகாட்டியாக இருந்த பெண்மணி திருப்பி அனுப்பிவிட்டார். "இது தலைப்பு. உங்கள் கருத்து எங்கே? கேட்பவர் உள்ளே வரும்போது நம்பாத எதை நம்பிக்கொண்டு வெளியே போகணும்?" என்று கேட்டார். மூன்று வாரம் அந்தக் கேள்வியோடு கிடந்தேன். கடைசியில் வந்த வாக்கியம் இது: "காது மங்கும்போது முதலில் தொலைவது எழுத்துகளின் தெளிவு, அதனால் கத்திப் பேசுவது பெரும்பாலும் உதவாது." விண்ணப்பிக்கும் எண்ணம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, மற்ற எதையும் எழுதுவதற்கு முன் இந்த ஒரு வரியை எழுதிவிடுங்கள். அது வராமல் எழுதும் பக்கம் எல்லாம் பிறகு குப்பைக்குத்தான் போகும்.

என் முதல் வரைவை வாசித்துப் பார்த்தபோது 31 நிமிடம் ஓடியது. அதில் கோழி இருந்தது. மனிதனின் ஒவ்வொரு உள்காதிலும் ஏறக்குறைய 15,000 மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. ஒலியின் அசைவை நரம்புக்குப் புரியும் சமிக்ஞையாக மாற்றுபவை அவைதான். நமக்கு அவை ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. ஆனால் கோழிக்கு முளைக்கும். இதை 1980-களில் கண்டுபிடித்தார்கள். இதை முதன்முதலாகப் படித்த நாள் இன்னும் நினைவிருக்கிறது, அவ்வளவு பிடித்த செய்தி. வழிகாட்டி வரைவைப் படித்துவிட்டு ஒவ்வொரு பத்தியிலும் விரலை வைத்து, "இதை எடுத்துட்டா உங்க வாக்கியம் விழுந்துடுமா?" என்று கேட்டார். கோழியை எடுத்தாலும் வாக்கியம் நிற்கத்தான் செய்தது. ஒரு வாரம் வாதாடினேன், அப்புறம் நானே எடுத்துவிட்டேன்.

85 டெசிபல் இரைச்சலில் 8 மணி நேரம் வரை இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான் என்ற கணக்கும் போனது. முக்கியமான செய்திதான். ஆனால் அது தனி உரைக்கான விஷயம். இன்னொரு புள்ளிவிவரத்துக்கு ஆதாரம் கேட்டார்கள். என்னிடம் வருபவர்களுக்கு நான் பல வருடமாகச் சொல்லி வந்த எண் அது. இரண்டு இரவு உட்கார்ந்து தேடியும் மூலம் கிடைக்கவில்லை. உரையிலிருந்து நீக்கினேன், என் அறையிலும் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டேன். அந்த விதியின் மீது எனக்கு அன்றிலிருந்து பெரிய மரியாதை.

இதற்கிடையே நல்ல உரைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 2008-ல் மூளை ஆய்வாளர் ஜில் போல்ட் டெய்லர் உண்மையான மனித மூளையை மேடைக்குக் கொண்டுவரச் செய்து கையில் ஏந்திக் காட்டினார். 2009-ல் மலேரியா பற்றிப் பேசிய பில் கேட்ஸ் அரங்கில் கொசுக்களைத் திறந்துவிட்டார். இரண்டிலும், சொல்லிப் புரியவைக்க நேரமாகும் ஒன்றை ஒரே செயல் முடித்துவிடுகிறது. நானும் அரங்கத்தையே காது மங்கியவரின் இடத்தில் உட்காரவைக்க முடிவு செய்தேன்.

சக ஊழியர் ஒருவரின் குரலில் "பாட்டிகிட்ட அந்தப் பச்சைப் பெட்டியைக் கொடுத்துட்டு வா" என்று பதிவு செய்தேன். வல்லினம் நிறைந்த வாக்கியம் என்பதால்தான் அது. மேடைக்கு முன்பே சிலரிடம் சோதித்துப் பார்த்தேன். முதலில் 1000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு மேலுள்ள ஒலியை வெட்டிப் போட்டுக் காட்டினேன். பாதிப் பேர் ஊகித்துச் சொல்லிவிட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து 600-க்கு வந்ததும் ஒருவருக்கும் புரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவது போல இருந்தது. மங்கிய காதின் தோராயமான சாயல்தான் இது என்பதை உரையிலேயே சொன்னேன்.

மனப்பாடம் செய்யும் கட்டம் பற்றி ஒரு எச்சரிக்கை. முக்கால்வாசி மனப்பாடமானபோது உரை கேட்கச் சகிக்காது. அடுத்த வரியைத் தேடிக் கண் மேலே போகும், குரல் ஒப்பிக்கும் குரலாகிவிடும். நிறையப் பேர் அங்கே பயந்துபோய்த் தாளுக்குத் திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதீர்கள், தாண்டிப் போங்கள். பாத்திரம் கழுவிக்கொண்டே, துணி மடித்துக்கொண்டே முழு உரையும் வரும்வரை சொன்னேன். அதற்குப் பிறகுதான் பேச்சு பேச்சாக ஆனது. முதல் வரி, கடைசி வரி, ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போகும் இணைப்பு வரிகள், இவை மட்டும் சொல்லுக்குச் சொல் கெட்டியாக இருந்தால் நடுவில் ஒரு சொல் மாறினாலும் பாதகமில்லை.

மேடை ஒத்திகையில் சவுண்ட் பார்த்தவர் என் பதிவு கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து, அதைத் தெளிவாக்க ஏதேதோ திருகிக்கொண்டிருந்தார். அவர் அக்கறைப்பட்டுச் செய்த வேலை. விஷயத்தைச் சொன்னதும், "எங்க அப்பாவுக்கு இப்படித்தான் கேக்குதா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

நிகழ்வு நாளில் சிவப்பு வட்டக் கம்பளத்தில் நின்றபோது முகங்கள் தெரியவில்லை, விளக்கு அப்படி. காலடியில் டைமர் 12:00-லிருந்து இறங்கத் தொடங்கியது. ஏழாவது நிமிடத்தில் ஒரு இணைப்பு வரி மறந்துபோனது. பேசாமல் நின்றேன், வந்துவிட்டது.

அதன் பிறகுதான் பதிவு. முதல் முறை ஓடியது. இருட்டில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. எல்லோரும் முன்னால் சாய்கிறார்கள் என்று தெரிந்தது. "புரியலையா? சரி, சத்தமா வைக்கிறேன்" என்றேன். அதே பதிவு, இரண்டு மடங்கு உரக்க. இன்னும் புரியவில்லை. "இன்னும் சத்தமா?" என்று கேட்டபோது முன்வரிசையில் யாரோ "வேண்டாம்" என்றார், கொஞ்சம் எரிச்சலோடு. அந்த எரிச்சலைத்தான் அவர்களுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. மூன்றாம் முறை, வெட்டாத பதிவை மெல்லிய குரலில் விட்டேன். பாட்டியும் பச்சைப் பெட்டியும் வந்ததும் அரங்கம் மொத்தமும் மூச்சு விட்டது. பக்கத்து அறையிலிருந்து கூப்பிடாமல் எதிரே வந்து, முகம் தெரியும்படி நின்று, நிதானமாகப் பேசுங்கள் என்று நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல அதற்கு மேல் இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது.

காணொளி இணையத்தில் ஏறுவதற்கு முன் வசன வரிகளைச் சரிபார்க்க எனக்கு அனுப்பினார்கள். முதல் இரண்டு முறை பதிவு ஓடும்போதே கீழே முழு வாக்கியமும் எழுத்தில் வந்துகொண்டிருந்தது. அப்படியே விட்டால் பார்ப்பவர் யாருக்கும் அந்தத் தவிப்பு வராது. ஒன்றுமே போடாமல் விட்டால், காது கேளாதவர்களுக்கு அங்கே என்ன நடக்கிறது என்றே தெரியாது. என் உரையை யாரை நினைத்து எழுதினேனோ அவர்களில் பலர் அதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்கள். வழிகாட்டியும் நானும் போனில் வெகுநேரம் பேசினோம். இப்போது காணொளியில் முதல் இரண்டு முறையும் கீழே "குரல் கேட்கிறது, சொற்கள் பிரியவில்லை" என்று வருகிறது. மூன்றாம் முறைதான் பாட்டியும் பச்சைப் பெட்டியும்.