நேருக்கு நேர் இரண்டு நாற்காலி

எங்கள் வீட்டில் கேள்வி பதில் நிகழ்ச்சி என்றால் அது அம்மாவுக்குத்தான். வயது எழுபத்து நான்கு, காது மந்தம். சீரியல் பார்க்க உட்கார்ந்தால் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து ஒருவர் சொல்லிக்கொண்டே வர வேண்டும். கேள்வி பதில் நிகழ்ச்சியில் அந்தத் தொல்லை கிடையாது. கேள்வி எழுத்தாகத் திரையில் வந்துவிடும், நான்கு விடைகளும் எழுத்தாக வந்துவிடும். எட்டாவது வரை படித்த அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்து, "பி-தான், பி-தான்" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

2000-இல் சன் டிவியில் சரத்குமார் 'கோடீஸ்வரன்' நடத்தியபோது அப்பா இருந்தார். பெரம்பூர் லோகோ ரயில் பட்டறையில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து, கை கழுவினாலும் போகாத கிரீஸ் வாசனையோடு டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, விடைகள் வருவதற்குள் பதில் சொல்லிவிடுவார். 2012-இல் விஜய் டிவியில் சூர்யா 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' நடத்தியபோது அப்பா இல்லை. அப்புறம் 2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழில் ராதிகா 'கோடீஸ்வரி'யைத் தொடங்கினார். பெண்கள் மட்டுமே கலந்துகொள்ளும் நிகழ்ச்சி. கணவர் உட்கார்ந்த நாற்காலியில் இருபது வருடம் கழித்து மனைவி வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று அம்மாவுக்கு அதில் தனி சந்தோஷம்.

அந்த நிகழ்ச்சியைப் பார்த்துத்தான் 2020 ஜனவரியில், பொங்கல் முடிந்த அடுத்த வாரம், தட்டில் சாப்பாடு ஆற ஆற அழுதேன். ஏன் அழுதேன் என்று சொல்ல, அதற்கு இரண்டு மாதம் முன்பு என் கவுன்டரில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு வங்கிக் கிளையில் கவுன்டர் வேலை எனக்கு. இந்த வேலைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. எம்.சி. ரோடு ஜவுளிக் கடைக்காரர்கள், அந்தக் கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பிள்ளைகள், காசிமேட்டிலிருந்து ஈரம் காயாத நோட்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு வரும் அம்மாக்கள், குழுக் கடன் கட்ட ஐந்தாறு பேராக வரும் பெண்கள் என்று பத்து மணிக்கெல்லாம் ஹால் நிறைந்துவிடும். டோக்கன் எண் காட்டும் போர்டு அப்போது பல மாதமாக எரியவில்லை. வாயால்தான் கூப்பிடுவோம். மூன்று தடவை கூப்பிட்டும் வராவிட்டால் அடுத்த ஆள்.

அந்தப் பெண்ணைப் பல வருடமாக எனக்குத் தெரியும். முப்பது வயதுக்குள் இருக்கும். நைட்டி தைக்கும் யூனிட்டில் வேலை. பீஸ் கணக்கில் கூலி. மாதம் ஒருமுறை வந்து ஆர்.டி., அதாவது மாதத் தவணைச் சேமிப்பு, கட்டிவிட்டுப் போவாள். ஸ்லிப்பைச் சரியாக நிரப்பி, சில்லறை இல்லாமல் பணத்தை வைத்து நீட்டுவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெயரைக் கூப்பிட்டால் வராமல், எல்லோரும் போன பிறகு எழுந்து வருவதைக்கூட நான் அந்தக் கூச்சத்தின் கணக்கில்தான் சேர்த்திருந்தேன்.

நவம்பரில் ஒருநாள், மாதத்தின் முதல் வாரம், நல்ல கூட்டம். வந்து ஒரு தாளை நீட்டினாள். "ஏடிஎம் கார்டு தொலைந்துவிட்டது" என்று எழுதியிருந்தது. நோட்டு எண்ணும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கண்ணை எடுக்காமல், "கஸ்டமர் கேருக்கு போன் பண்ணி பிளாக் பண்ணிடுங்க" என்று சொல்லி, டோல் ஃப்ரீ நம்பர் அச்சடித்த சீட்டு ஒன்றைத் தள்ளினேன். அவள் நகரவில்லை. சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் ஏதோ எழுதி என் பக்கம் தள்ளினாள். நூலால் கவுன்டரில் கட்டிவைத்திருக்கும் பேனா அது, மை சரியாக வராது. அழுத்தி அழுத்தி எழுதியிருந்தாள். ஒரே வார்த்தை.

"கேக்காது."

நிமிர்ந்து பார்த்தேன். விரலால் காதைத் தொட்டுக் காட்டினாள். எனக்கு உடம்பு கூசியது. ஆனாலும் அடுத்த நொடி என்ன செய்தேன் தெரியுமா? அடுத்தவருடைய செக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, குனிந்தபடியே, "வீட்ல யாரையாவது பேசச் சொல்லுங்கம்மா" என்றேன். காது கேட்காது என்று எழுதிக் கொடுத்தவளிடம், முகத்தைக்கூடக் காட்டாமல் வாயால் பதில் சொன்னேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். மறுநாள் பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் ஸ்கூல் யூனிபார்மில் இருந்தான். அவனுக்கு அரை நாள் பள்ளி போச்சு, அவளுக்கு அரை நாள் கூலி போச்சு. கார்டை கிளையிலேயே பிளாக் செய்ய முடியும். ஒரு விண்ணப்பம் வாங்கி, கம்ப்யூட்டரில் இரண்டு நிமிட வேலை. முதல் நாளே அதை நான் செய்திருக்கலாம். கார்டில் பணம் எதுவும் போகவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மறந்தும்விட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அந்த ஜனவரி இரவு 'கோடீஸ்வரி'யில் உட்கார்ந்திருந்தவர் மதுரையைச் சேர்ந்த கௌசல்யா கார்த்திகா. காது கேட்காது, வாய் பேச முடியாது. மதுரை மாவட்ட முதன்மை நீதிமன்றத்தில் இளநிலை உதவியாளர். எதிரில் இருப்பவரின் உதட்டசைவை வைத்துப் பேச்சைப் புரிந்துகொள்பவர். பதினைந்து கேள்விகளைத் தாண்டி ஒரு கோடி ரூபாய் வென்றார். பத்திரிகைகளில் எல்லாம் வந்த செய்திதான், பலருக்கும் நினைவிருக்கும்.

அவர் ஒரு கோடியைத் தொட்டபோது கைதட்டினேன். அழுகை அதற்கு முன்பே, ஆட்டத்தின் நடுவிலேயே வந்துவிட்டது. அந்த நிகழ்ச்சியின் அமைப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1998-இல் பிரிட்டனில் தொடங்கி ஊர் ஊராக வந்த அமைப்பு. கேட்பவரும் பதில் சொல்பவரும் நேருக்கு நேர் இரண்டு நாற்காலியில். குறுக்கே கம்பி இல்லை, கண்ணாடி இல்லை. முகத்தில் வெளிச்சம். வாயால் கேட்கிற கேள்வி எழுத்தாகவும் எதிரில் இருக்கிறது. பதில் சொல்ல நான்கில் ஓர் எழுத்து போதும். சொன்ன பிறகும், இதுதான் உங்கள் முடிவான பதிலா என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்கிறார்கள். காது கேட்காதவர்களுக்கென்று யாரும் இப்படி அமைக்கவில்லை. ஆனால் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்ததும், அவருக்கு என்ன தேவையோ அது முக்கால்வாசி ஏற்கெனவே அங்கே இருந்தது. மீதியை அவருடைய படிப்பும் தைரியமும் பார்த்துக்கொண்டன.

என் கவுன்டரில் இதில் ஒன்றுகூட இல்லை. "கேக்காது" என்று அழுத்தி எழுதிய அந்தச் சீட்டு கண் முன்னால் வந்து நின்றது. இவருக்கு இருக்கிற அறிவு அவளுக்கும் இருந்திருக்கும். அவள் எதிரில் போய் நின்ற ஆள்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இன்னாடி ஆச்சு? ஏன் அழுவுற?" என்றார் அம்மா. பதில் சொல்லத் தெரியவில்லை. "ஜெயிச்சிட்டாங்கம்மா" என்றேன். அம்மா காதில் அது விழவில்லை. என் முகத்தையே பார்த்தார். நான் அம்மா பக்கம் நன்றாகத் திரும்பி, இன்னொரு முறை மெதுவாகச் சொன்னேன். "அதுக்கு ஏண்டி அழுவுற, நல்ல விஷயம்தானே" என்று என் முதுகில் தட்டிவிட்டு மறுபடி டிவி பக்கம் திரும்பினார்.

மறுநாள் காலை தலை வாரும்போது, கண்ணாடி முன்னால் நின்று கவுன்டரில் நான் தினமும் சொல்லும் வார்த்தைகளைச் சத்தம் வராமல் சொல்லிப் பார்த்தேன். "பணம்" என்றேன், "மனம்" என்றேன். உதட்டில் இரண்டும் ஒன்று. "பத்து" என்பதும் "மத்து" என்பதும் ஒன்று. ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது. க, ங எல்லாம் தொண்டைப் பக்கம் பிறப்பவை, வெளியே தெரிவதே இல்லை. அப்படியென்றால் உதட்டைப் படிப்பவர்கள் கண்ணில் படுவதை வைத்து மீதியை ஊகிக்கிறார்கள். எதிரில் இருப்பவர் குனிந்துகொண்டால், வாயைக் கையால் மறைத்தால், நோட்டு எண்ணிக்கொண்டே பேசினால், அந்தக் கொஞ்சமும் போய்விடும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறைந்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல். இத்தனை வருடத்தில் அவர்களில் எத்தனை பேர் என் கவுன்டரில் வந்து நின்றிருப்பார்கள், எத்தனை பேரைக் கூச்ச சுபாவம் என்று நினைத்து அனுப்பியிருப்பேன்!

பிப்ரவரியில் அவள் ஆர்.டி. கட்ட வந்தாள். பெயரைக் கூப்பிடாமல் எழுந்து நின்று கையை உயர்த்திக் காட்டினேன். அவள் திரும்பித் தன் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். உன்னைத்தான் என்று சைகை செய்தேன். வந்தாள். மெஷினை நிறுத்திவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, "நவம்பர்ல நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிடும்மா" என்றேன். புரிந்ததா என்று தெரியவில்லை. ஒரு ஸ்லிப்பின் பின்னால் எழுதியும் காட்டினேன். படித்துவிட்டு, பரவாயில்லை என்பது போலத் தலையை ஆட்டி, அந்த ஸ்லிப்பை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சரி, இனிமேல் முகத்தைப் பார்த்துப் பேசினால் போதும் என்று நான் தெம்பாக இருந்தபோதுதான் மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. வங்கிகள் திறந்திருந்தன. கவுன்டருக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே பிளாஸ்டிக் ஷீட் தொங்கியது. என் வாயை முகக்கவசம் மூடியது. எங்கள் பக்கம், ராயபுரம் மண்டலத்தில்தான் அப்போது சென்னையிலேயே அதிகத் தொற்று என்று தினமும் செய்தியில் சொல்வார்கள். தெருத் தெருவாகத் தகரம் அடித்தார்கள். முகக்கவசத்தைக் கழற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. நாடு முழுக்க உதட்டைப் படித்து வாழ்பவர்கள் முன்னால் எல்லா உதடுகளும் ஒரே வாரத்தில் காணாமல் போயின. செய்திகளில் யாரும் இதைப் பற்றிப் பேசி நான் கேட்கவில்லை.

அண்ணன் பெண்ணின் பழைய சிலேட்டையும் பல்பத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். கூடவே ஓர் அட்டை. நான்கு வரி எழுதினேன்: 1. பணம் எடுக்க. 2. பணம் போட. 3. பாஸ்புக் என்ட்ரி. 4. வேறு. எங்கிருந்து வந்த யோசனை என்று சொல்ல வேண்டியதில்லை. எழுத்து போதும் என்று நினைத்தது தவறு என்பது முதல் வாரத்திலேயே தெரிந்தது. கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் பெரியவர் ஒருவர், பிறவியிலேயே காது கேளாதவர், பள்ளிக்கூடமே போகாதவர், அட்டையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். சைகை மொழிதான் அவருக்குத் தாய்மொழி. தமிழ் எழுத்து அவருக்கு வேற்று மொழி. அதற்கப்புறம் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அண்ணன் பெண் படம் வரைந்து கொடுத்தாள். நோட்டு மேலே போகிற அம்புக்குறி, நோட்டு கீழே வருகிற அம்புக்குறி, பாஸ்புக். நான்காவதுக்கு மட்டும் என்ன வரைவது என்று தெரியாமல் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

ஜூனில் அந்த நைட்டி யூனிட் பெண் வந்தாள். இளைத்திருந்தாள். முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது. என் முகத்தைத் தேடிப் பார்த்து, அங்கே ஒன்றும் இல்லாமல் நின்றாள். அட்டையை ஷீட்டில் ஒட்டிக் காட்டினேன். படித்துவிட்டு நான்காவதில் விரலை வைத்தாள். சிலேட்டை அடியில் தள்ளினேன்.

"யூனிட் மூடிட்டாங்க. மூணு மாசம் கூலி இல்ல. ஆர்.டி. முடிக்கணும்."

இன்னும் எட்டுத் தவணைதான் பாக்கி. நான் துடைத்துவிட்டு எழுதினேன்: "முடிக்கணுமா? உறுதியா?" தலையாட்டினாள். மறுபடி துடைத்து எழுதினேன்: "முடிக்க வேண்டாம். அதன் பேரில் கடன் வாங்கலாம். வேலை வந்ததும் கட்டு." அவள் சிலேட்டை வாங்கி, எவ்வளவு, வட்டி என்ன, எப்போது கட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் ஒவ்வொன்றாக எழுதினேன். தரையில் வரைந்த வட்டங்களில் வரிசை நின்றுகொண்டிருந்தது. யாரோ ஒருவர் மட்டும், "மேடம், நேரம் ஆவுது" என்றார். "ஆகட்டும் சார், கொஞ்சம் இருங்க" என்றேன்.

இருபது நிமிடம் ஆனது. ஆர்.டி. முடிக்கும் விண்ணப்பத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, கடன் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். போவதற்கு முன் துப்பட்டா நுனியால் சிலேட்டை நன்றாகத் துடைத்து, பல்பத்தை அதன் மேல் வைத்து, ஷீட்டுக்கு அடியில் என் பக்கமாகத் தள்ளிவிட்டுப் போனாள்.