முன்னறிவு

பி.எட். படித்தவர்களுக்குத் தெரியும், பாடக்குறிப்பில் 'முன்னறிவு' என்று ஒரு கட்டம் உண்டு. அன்றைய பாடத்துக்குத் தேவையானவற்றில் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று அதில் ஒரு வரி எழுத வேண்டும். நான் எழுதியிருந்த வரி: 'மாணவர்கள் முழுக்களின் நான்கு அடிப்படைச் செயல்களையும் அறிந்திருப்பர்.' சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதியது. அந்த அக்கா யாரைப் பார்த்து எழுதினாரோ.

2015இல் பி.எட். இரண்டு வருடப் படிப்பானது. அதிலிருந்து முதல் வருடம் 4 வாரமும் இரண்டாம் வருடம் 16 வாரமும் பள்ளிக்குப் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். அந்த 16 வாரத்துக்கு எனக்கு விழுந்தது வட சென்னையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு 'சி' பிரிவு, 52 பேர், கணக்கு. "சி செக்‌ஷனாம்மா?" என்று பி.டி. சார் கேட்டுவிட்டு, மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் டீ குடித்தார். ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை, வழிகாட்டி ஆசிரியர் "எமிஸ்ல கொஞ்சம் என்ட்ரி இருக்கும்மா, நீங்க எடுங்க" என்று, மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதள வேலையைச் சொல்லி, வகுப்பை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் சொல்ல வந்தது அந்த வாரத்தைப் பற்றி.

பாடம் மீதித் தேற்றம். எக்ஸுக்குப் பதிலாக −2 போட்டுச் சுருக்கிக்கொண்டே வந்தால், கடைசியில் −3 −5 என்று நின்றது. எவ்வளவு என்று கேட்டேன். "எட்டு!" வகுப்பே ஒரே குரலில் சொன்னது. ஏன் என்றேன். "மைனஸும் மைனஸும் ப்ளஸ் மிஸ்." அவர்கள் சொன்ன தோரணையில் எனக்கே ஒரு நொடி சந்தேகம் வந்துவிட்டது. பெருக்கலுக்குச் சொன்ன விதியை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்திருக்கிறார்கள். அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பது மட்டும் வந்து சேரவில்லை. சரி, கடனை வைத்துச் சொல்லலாம் என்று, "ஒருத்தர்கிட்ட மூணு ரூபா கடன், இன்னொருத்தர்கிட்ட அஞ்சு ரூபா கடன், மொத்தம்?" என்றேன். "எட்டு ரூபா கடன் மிஸ்." அப்படியானால் விடை? "எட்டு." கடன் எங்கே போயிற்று என்று கேட்டதற்கு, ஜன்னலோரம் இருந்த ஒரு பெண், "திருப்பிக் குடுத்துட்டாங்க மிஸ்" என்றாள். அதன் பிறகு மணி அடிக்கும்வரை அந்த வகுப்பை அடக்க முடியவில்லை.

கல்லூரியில் சிறு சிறு பாடமாக எடுத்துப் பழகும் நுண்ணிலைக் கற்பித்தல் பயிற்சியில் எங்கள் தோழிகளே மாணவர்களாக உட்கார்ந்திருப்பார்கள். கையைக் கட்டிக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் சரியான விடை சொல்வார்கள். ஒருத்திகூட −3 −5 எட்டு என்று சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை வேறு வழி பார்த்தேன். புத்தகத்தில் உள்ள எடுத்துக்காட்டுகளை வரிசையாக ஒவ்வொருவராக எழுந்து வாசிக்க வேண்டும், பிறகு எல்லோருமாகப் போடலாம். முதல் இரண்டு பெஞ்சு ஒழுங்காகப் போனது. மூன்றாவது பெஞ்சில் ஒருவன் திடீரென்று ஜாமெட்ரி பாக்ஸால் பக்கத்துப் பையன் தலையில் ஒன்று போட்டான். இவன் கத்த, அவன் கத்த, பின்வரிசை விசில் அடிக்க, எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "உனக்கெல்லாம் எதுக்குடா பள்ளிக்கூடம்?" என்றேன். அவன் நிதானமாகப் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். "அப்ப போவட்டா மிஸ்?" கிண்டல் இல்லை, நிஜமாகவே அனுமதி கேட்டான். உட்காரச் சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. முதல் வருடத் தேர்வில் அதை நான் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

புதன்கிழமை பாதி நாள் சப்ஸ்டிட்யூஷனில் போயிற்று. எந்த ஆசிரியர் லீவு என்றாலும் "பி.எட். மிஸ்ஸைக் கூப்பிடு" என்பதுதான் அங்கே வழக்கம். பிற்பகல் கவனிப்புப் பதிவேட்டுக்காக, அதே 'சி' பிரிவில் சமூக அறிவியல் மிஸ் பாடம் எடுக்கும்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அவரும் வரிசையாக வாசிக்கச் சொன்னார். பின்னாலிருந்து பார்த்தால்தான் தெரிகிறது. மூன்றாவது பெஞ்சுப் பையன், தனக்கு முன்னால் எத்தனை பேர், தனக்கு எந்தப் பத்தி என்று பென்சிலால் குத்திக் குத்தி எண்ணிக்கொண்டிருந்தான். முறை வர இன்னும் இரண்டு பேர் இருக்கையில் எழுந்தான். "மிஸ், தண்ணி." மிஸ் அனுப்பினார். அவன் திரும்பி வந்தபோது வாசிப்பு அடுத்த பெஞ்சுக்குப் போயிருந்தது. செவ்வாய்க்கிழமையும் அடி விழுந்தபோது இரண்டு பேர்தான் பாக்கி இருந்தார்கள். தண்ணீர் கேட்டால் நான் அனுப்பியிருப்பேனா? மாட்டேன். திங்கட்கிழமையே இரண்டு பேரை மறுத்திருந்தேன்.

அவனுக்கு வாசிக்கத் தெரியாது போலிருக்கிறது என்று அன்று மாலை வழிகாட்டி ஆசிரியரிடம் சொன்னேன். அவர் பத்தாம் வகுப்பின் மெல்லக் கற்கும் மாணவர்களுக்குச் சிறப்பு வகுப்பு முடித்து, கை நிறைய சாக்பீஸ் தூளோடு வந்தார். "தெரியும்மா. அந்த கிளாஸ்ல அவனோட சேர்த்து ஏழு பேரு." பிறகு பத்தாம் வகுப்புக்கான தன் கணக்கைச் சொன்னார். ஒரு மதிப்பெண் கேள்விகள் 14, வரைபடமும் செய்முறை வடிவியலும் சேர்ந்து 16. மொத்தம் 30. இன்னும் 5 எங்கேயாவது பொறுக்கிவிட்டால் 35, பாஸ். "கை பழகிட்டா படம் போட்டுடுவான், அதுக்கு ரொம்ப வாசிக்க வேண்டாம்ல?" கேட்டபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. இப்போது யோசித்தால், அந்த ஏழு பேரைப் பற்றி அந்தப் பள்ளியில் திட்டம் என்று ஒன்று வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

ஸ்டாஃப் ரூமில் மற்றவர்கள் எட்டாவது வரை ஆல் பாஸ் போடுவதைத் திட்டினார்கள். எனக்கு ஒப்பவில்லை. அந்த மூன்றாவது பெஞ்சுப் பையனின் அண்ணன் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி ஏற்றுகிறான். ஐந்தாவதில் இவனை ஃபெயில் போட்டிருந்தால் வாசிக்கவா கற்றிருப்பான், ஐஸ் ஏற்றவா போயிருப்பான்?

வியாழக்கிழமை வரிசை வாசிப்பை நிறுத்தினேன், நானே வாசித்தேன். வகுப்பு அமைதியாகிவிடவில்லை, வேறு காரணங்களுக்காகச் சத்தம் போட்டது. வெள்ளிக்கிழமை கல்லூரியிலிருந்து மேடம் பார்வையிட வந்தார். 'சி' பிரிவு அன்று சிலை மாதிரி உட்கார்ந்திருந்தது. வருடா வருடம் பி.எட். மிஸ்களைப் பார்க்கும் பிள்ளைகள், அவர்களுக்கு நடைமுறை தெரியும். "கரும்பலகைப் பயன்பாடு மேம்பட வேண்டும். முன்னறிவுச் சோதனை நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் மேடம்.

மதியம் சத்துணவு முடிந்ததும், சார்ட்டுகளைத் தூக்கி வர மூன்றாவது பெஞ்சுப் பையனைக் கூப்பிட்டேன். ஸ்டாஃப் ரூமில் யாரும் இல்லை. மேலே இருந்த சார்ட்டில் நானே பெரிய எழுத்தில் எழுதியதைக் காட்டி, இது என்ன என்றேன். கதவைப் பார்த்தான். பிறகு, "மீ... தி... த்" என்று வந்தான். "தே" வந்தது. "ற்ற" வில் நின்றுவிட்டான். இரண்டையும் சேர்த்து எப்படிச் சொல்வது என்று காட்டினேன். வெற்றி, காற்று, கயிற்று என்று நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். 'காற்று' மட்டும் தானாகச் சொன்னான். தினமும் சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து நிமிஷம் வர முடியுமா என்று கேட்டேன்.

"எவ்ளோ நாள் இருப்பீங்க மிஸ்?"

நவம்பர் வரைக்கும் என்றேன்.

விரலை மடக்கி எண்ணினான். "அரையாண்டு டிசம்பர்ல மிஸ்" என்றான்.