கான்ஜி தெரிந்தால் மட்டும் போதாது

ஜப்பானுக்கு வந்த புதிதில் எல்லோருக்கும் கான்ஜி, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகள், என்றால் பயம்தான். (கஞ்சி என்று எழுதினால் குடிக்கத் தோன்றும், ஆகவே கான்ஜி.) அன்றாடப் பயன்பாட்டுக்கென்று 2010-இல் திருத்திய அரசுப் பட்டியலில் 2,136 எழுத்துகள். அதை முடித்துவிட்டால் தீர்ந்தது என்பது டோக்கியோ நிஷிகசாயில் இருக்கும் நம்மவர்கள் பலரின் கணக்கு. வேலைக்குச் சேர்ந்து மெயில் எழுத ஆரம்பித்தால்தான் அடுத்த தலைவலி தெரியும். கான்ஜி இருந்தும் ஹிரகானாவில், அதாவது ஒலியை மட்டும் காட்டும் எழுத்தில், எழுத வேண்டிய சொற்கள் எக்கச்சக்கம்.

கம்ப்யூட்டர் இதற்கு உதவாது. ஒலியைத் தட்டி ஸ்பேஸ் பாரை அழுத்தினால் 'அரிகாதோ' (நன்றி), 'யொரொஷிகு' (பார்த்துக்கொள்ளுங்கள்), 'தெகிரு' (முடியும்) என்று எதைக் கேட்டாலும் கான்ஜியைக் கொட்டும். பதிப்புத் துறையில் இருப்பவர்கள் அதில் பாதியைத் திரும்ப ஹிரகானாவாக்குவார்கள். அதற்கு 'ஹிராகு', அதாவது திறப்பது, என்று பெயர். கான்ஜி அதிகமானால் பக்கம் கறுப்பாகத் தெரிகிறது என்பார்கள். சரி, மொத்தத்தையும் ஹிரகானாவில் எழுதிவிடலாமே? சொற்களுக்கு நடுவே இடைவெளி விடாத மொழி இது. ஒரு சொல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குக் காட்டுவதே பெரும்பாலும் கான்ஜிதான்.

எதைத் திறப்பது என்பதில் தமிழ் தெரிந்தவருக்கு ஒரு வசதி உண்டு. 'மிரு' என்றால் பார். படம் பார்த்தால் கான்ஜி. 'தபெதெ மிரு', அதாவது சாப்பிட்டுப் பார், என்றால் ஹிரகானா. அங்கே கண்ணுக்கு வேலை இல்லையே! 'ஒகு' என்றால் வை. மேசையில் வைத்தால் கான்ஜி, 'கத்தெ ஒகு', வாங்கி வை, என்றால் ஹிரகானா. நம் இலக்கண வாத்தியார் சொன்ன துணைவினைதான். இரண்டு மொழிக்கும் உறவு உண்டா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை, எனக்கு மெயில் எழுதினால் போதும். 'குதசாய்' கூட இப்படித்தான். தாளைக் கொடுங்கள் என்றால் கான்ஜி, செய்து கொடுங்கள் என்கிற தோரணையில் வந்தால் ஹிரகானா. அரசு ஆவணங்களுக்கு 2010-இல் வந்த விதியும் இந்த வகைச் சொற்களை ஹிரகானாவில்தான் எழுதச் சொல்கிறது.

இலக்கணம் கைவிடும் இடங்களும் உண்டு. குழந்தை என்பதற்கான 'கொதொமோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக் கான்ஜி, பாதிக் கான்ஜி, முழு ஹிரகானா, மூன்றும் நடமாடுகின்றன. இரண்டாம் கான்ஜிக்கு உடன் வரும் பரிவாரம் என்ற பொருளும் இருப்பதால் அது குழந்தைகளைத் தாழ்த்துகிறது என்பது சிலரின் வாதம். கல்வி அமைச்சகம் 2013-இல் தன் ஆவணங்களுக்கு முழுக் கான்ஜியைத் தேர்ந்தது. 2023 ஏப்ரலில் தொடங்கிய குழந்தைகள், குடும்பங்களுக்கான அரசு முகமையின் பெயரிலோ அதே சொல் முழு ஹிரகானாவில் இருக்கிறது. அரசாங்கமே ஒரு முடிவுக்கு வராதபோது நான் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? பள்ளிக்கு எழுதும்போது அவர்கள் அனுப்பிய தாளில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதிவிடுகிறேன்.