தயிர் சாதத்தை நிறுத்திய எட்டு வாரம்

எங்கள் வீடு சைவம். ஜிம்மியும் முக்கால்வாசி சைவம்தான். தெருவில் பிறந்து, இரண்டு மாதக் குட்டியாக எங்கள் வாசலுக்கு வந்தவன். அன்றிலிருந்து காலையில் பால், மதியம் அப்பா கையால் தயிர் சாதம், இரவில் கடையில் வாங்கும் நாய்த் தீவனம் ஒரு கிண்ணம். நடுநடுவே மேரி பிஸ்கெட். ஐந்து வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

மார்கழியில் ஆரம்பித்தது தொல்லை. விடியற்காலையில் மஞ்சள் நுரையாக வாந்தி, அப்புறம் கழிச்சல். தெருவில் எதையோ தின்றிருப்பான் என்று நினைத்தோம். பேதி என்றால் எங்கள் வீட்டில் ஒரே வைத்தியம், தயிர் சாதம். இரண்டு நாள் நன்றாக இருப்பான், மூன்றாம் நாள் பழைய கதை. பக்கத்துக் கிளினிக்கில் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை உள்ளே போகும் ஐந்து நாளும் சரியாக இருந்தது. நிறுத்திய வாரமே திரும்பியது. இப்படி மூன்று முறை. ஒருமுறைகூட மலத்தைப் பரிசோதிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. மார்ச் கடைசியில் எடை பார்த்தால், 17 கிலோ இருந்தவன் 14 கிலோ. முதுகெலும்பை விரல் வைத்து எண்ணலாம் போல இருந்தான்.

சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். ஆட்டோக்காரருக்கு அது இன்றும் மாட்டாஸ்பத்திரிதான். அங்கே பார்த்த டாக்டரம்மா முதலில் ஜிம்மியைத் தொடவில்லை, என்னைத்தான் குடைந்தார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறான்? நிறையப் போறானா, கொஞ்சம் கொஞ்சமாவா? சளி மாதிரி வருதா?" பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நிறையப் போய், எடையும் குறைந்தால் சிறுகுடலைச் சந்தேகிப்பார்களாம். அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக, சளியும் ரத்தச் சொட்டுமாக வந்தால் பெருங்குடல். ஜிம்மிக்கு இரண்டும் கலந்திருந்தது.

மலப் பரிசோதனையில் புழு முட்டை எதுவும் இல்லை; ஆனாலும் சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் ஐந்து நாள் புழு மருந்து. ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் கொஞ்சம் குறைவு, வைட்டமின் பி12 நன்றாகவே குறைவு. ஸ்கேனில் கணையம் சரி, சிறுகுடல் சுவர் மட்டும் தடித்திருந்தது. பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உடம்பில் சேருகிறது. அந்த இடம் வீங்கிக் கிடந்தால் என்ன சாப்பிட்டாலும் ஏறாது. அதனால் வாரம் ஒரு ஊசி, ஆறு வாரம்.

மூன்று வாரத்துக்கு மேல் நீடித்து, புழு, கணையம், கல்லீரல் என்று வேறு காரணம் எதுவும் அகப்படாவிட்டால் இதை நாள்பட்ட குடல் நோய் என்கிறார்கள். குடலில் அழற்சி இருப்பதை உறுதிசெய்ய மயக்கம் கொடுத்து, எண்டோஸ்கோப்பி என்ற கேமராக் குழாயை உள்ளே விட்டு, திசு எடுத்துப் பார்க்க வேண்டும். "அதுக்கு முன்னாடி சாப்பாட்டை மாத்திப் பார்ப்போம். இப்படி வர்ற நாய்ங்கள்ல பாதிக்கு மேல சாப்பாட்டுலயே தெளிஞ்சிடும். ரெண்டு வாரத்துல தெரிஞ்சிடும். தெளியலைன்னாதான் ஸ்டீராய்டு" என்றார் டாக்டர்.

இரண்டு வழி சொன்னார். ஒன்று, புரதத்தைப் பொடிப்பொடியாக உடைத்துச் செய்த மருத்துவத் தீவனம். துண்டுகள் அவ்வளவு சிறிதாக இருப்பதால் உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு அதை அடையாளம் தெரியாது. கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. அதுகூடப் பரவாயில்லை, ஜிம்மி ஒரு நாள் தின்றுவிட்டு மறுநாள் கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது வழி, இதுவரை அவன் வாய் வைத்திராத ஒரு புரதம், வாய் வைத்திராத ஒரு மாவுச்சத்து. அவ்வளவுதான், வேறெதுவும் கூடாது. தீவனப் பையின் பின்பக்கத்தைப் படித்தேன்: கோழி, கோதுமை, சோளம், அரிசி. அப்படியென்றால் கோழி போயிற்று. மிஞ்சியது மீனும் உருளைக்கிழங்கும்.

வாழ்க்கையில் முதல்முறையாக நாற்பத்திரண்டு வயதில் மீன் கடை வாசலில் போய் நின்றேன். மூக்கைப் பொத்தக் கூடாது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு, நாய்க்கு என்று சொன்னேன். மீன்கார அம்மா சிரிக்கவில்லை. செவுளைத் தூக்கிக் காட்டி, "இது சிவப்பா இருக்கணும் பாப்பா, அமுக்கினா குழி விழக்கூடாது" என்று பாடம் எடுத்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம். கடல் மீன் விலை ஏறிவிடும், நடுவில் மீனை மாற்ற முடியாதென்றால் ஜிலேபியை எடுத்துக்கோ, அது ஏரி மீன், எப்போதும் கிடைக்கும் என்றார். எட்டு வாரமும் ஒரே மீன் என்பது டாக்டர் போட்ட நிபந்தனை. அந்த அம்மா இல்லையென்றால் மே மாதம் திண்டாடியிருப்பேன்.

சமையல் மொட்டை மாடியில். ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, தனிக் குக்கர், தனிக் கரண்டி. மீனை வெறும் தண்ணீரில் வேகவைத்து, ஆறியதும் விரலால் உதிர்த்து உதிர்த்து முள் எடுப்பேன். உப்பு இல்லை, மஞ்சள் இல்லை. வெங்காயம், பூண்டு நாய்க்கு எப்போதுமே ஆகாது. உருளைக்கிழங்கைத் தோல் சீவி, பச்சை பாய்ந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டுக் குழைய வேகவைப்பேன். 14 கிலோ நாய் சும்மா படுத்திருக்கவே 500 கலோரி வேண்டும். எடையும் ஏற வேண்டும் என்பதால் 800 வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். முள் நீக்கிய மீன் 300 கிராம், கிழங்கு 450 கிராம், இரண்டு டீஸ்பூன் எண்ணெய். சமையலறைத் தராசில் நிறுத்துப் போட்டேன். கண்ணளவு இந்த விஷயத்தில் உதவாது.

கறியிலும் கிழங்கிலும் சுண்ணாம்புச் சத்து கிட்டத்தட்ட இல்லை என்பது எனக்குப் புதுச் செய்தி. இந்த அளவு சாப்பாட்டுக்கு நாளைக்கு ஒரு கிராம் கால்சியம் வேண்டும். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நுணுக்கிக் கலந்தேன். நாம் போடும் கால்சியம் மாத்திரையில் பெரும்பாலும் வைட்டமின் டி சேர்ந்திருக்கும், அளவு கூடினால் நாய்க்கு ஆபத்து. வீட்டில் இருப்பதை எடுத்துப் போட வேண்டாம்.

ஒரே நேரத்தில் நிறையக் கொடுக்காமல் நான்கு வேளையாகப் பிரித்தோம்: ஆறு மணி, பன்னிரண்டு, ஐந்து, இரவு பத்து. இந்தப் பத்து மணிச் சாப்பாடு வந்த நான்காம் நாளே விடியற்கால மஞ்சள் வாந்தி நின்றுவிட்டது. வயிறு நெடுநேரம் காலியாகக் கிடந்ததும் அதற்கு ஒரு காரணமாம்.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதச் சொல்லியிருந்தார்கள். மலத்துக்கு ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண் போடும் படம் ஒன்று உண்டு. எனக்கு அது மனதில் நிற்கவில்லை. நானே ஒன்று வைத்துக்கொண்டேன்: ரசம், கூழ், களி, கொழுக்கட்டை. ஆறாம் நாள் நோட்டில் முதல் கொழுக்கட்டை விழுந்தது. அந்த வருடம் பிள்ளையார் சதுர்த்திக்கு என் பையன் கொழுக்கட்டையே தொடவில்லை, அது வேறு விஷயம்.

ஒன்பதாம் நாள் திடீரென்று கூழ். மீனைச் சந்தேகித்தேன், கிழங்கைச் சந்தேகித்தேன். அன்று ராத்திரி மெதுவாக, "அப்பா, நீங்க ஏதாவது கொடுத்தீங்களா?" என்றேன். பேப்பரை மடித்து வைத்தார். "ஒரே ஒரு உருண்டைம்மா. நான் சாப்பிடுறப்ப வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். அவனைப் பட்டினி போடுற மாதிரி இருந்துச்சு." கோபப்பட முடியவில்லை. ஆனால் ஒரு உருண்டை என்றாலும் அத்தனை நாள் கணக்கும் குழம்பிப்போகிறது. ரெண்டு வாரத்தை முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

மீன் வேகவைப்பதெல்லாம் பழகிவிட்டது. பாசத்தைக் காவல் காப்பதுதான் பெரும்பாடு. ஜிம்மிக்கு எங்கள் தெருவில் ஏழு வீடு. வாட்ச்மேன் அண்ணன் டீயில் நனைத்துப் பன் போடுவார். மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை பொங்கல். வேலைக்கு வரும் அக்கா முந்தானையில் முடிந்த பிஸ்கெட்டோடு வருவார். ஒவ்வொருவரிடமும் போய், இரண்டு மாதத்துக்கு எதுவும் கொடுக்காதீர்கள் என்று சொன்னேன். தலையாட்டுவார்கள். கொடுப்பார்கள். கடைசியில் வாக்கிங்குக்கு வாய்க்கூடு மாட்டினேன், மூச்சு வாங்க இடம் இருக்கும் கூடை மாதிரியான வகை. என்னைக் கல்நெஞ்சக்காரி என்று இரண்டு பேராவது நினைத்திருப்பார்கள்.

இதோடு இன்னொரு ஓட்டையும் இருந்தது. உண்ணிக்கு மாதாமாதம் கொடுக்கும் மெல்லும் மாத்திரையில் மாட்டிறைச்சிச் சுவை சேர்த்திருக்கிறார்கள்! சாப்பாட்டை இத்தனை கெடுபிடியாக வைத்துக்கொண்டு அதைக் கொடுக்கப் பார்த்தேன். டாக்டரிடம் கேட்டதும், சோதனை முடியும் வரை கழுத்தின் பின்புறம் தோலில் விடும் சொட்டு மருந்துக்கு மாற்றினார்.

அடுத்த இரண்டு வாரம் ஒரு பிசகும் இல்லை. தினமும் இரண்டு தடவை, கொழுக்கட்டை. ஸ்டீராய்டுக்குப் போக வேண்டாம் என்றார் டாக்டர். எட்டாவது வார முடிவில் எடை 15.8. ஆல்புமினும் பி12-ம் சரியான அளவுக்கு வந்திருந்தன. இதே மீனும் கிழங்கும் எல்லா நாய்க்கும் ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். கணைய அழற்சி என்றால் முதலில் பார்க்க வேண்டியது கொழுப்பு, அது வேறு கணக்கு.

அப்புறம் பழைய சாப்பாட்டை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துப் பார்க்கும் கட்டம். எது குற்றவாளி என்று தெரியாமல் ஆயுசுக்கும் ஜிலேபி வேகவைக்க முடியுமா? முதலில் அரிசி. கிழங்கில் கால் பங்கைக் குறைத்துச் சோறு சேர்த்தேன். இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. செலவு குறைந்தது, அப்பாவுக்கும் முகம் மலர்ந்தது. "அரிசி ஒத்துக்கிச்சுன்னா தயிரும் ஒத்துக்கும்" என்று அவர் கணக்குப் போட்டார்.

நாய்களுக்குச் சாப்பாட்டு ஒவ்வாமை அதிகம் வருவது மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை இவற்றால்தான் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கேட்டும் அப்பா மசியவில்லை. சரி, சோதித்துவிடுவோம் என்று நாள் குறித்தோம். தினமும் மதியம் இரண்டு ஸ்பூன் தயிர், வேறு எந்த மாற்றமும் இல்லை. அப்பாவே பிசைந்து கொடுத்தார். ஜிம்மி கிண்ணத்தை நக்கிய சத்தம் வாசல் வரை கேட்டது.

முதல் நாள் கொழுக்கட்டை. இரண்டாம் நாள் களி. மூன்றாம் நாள் காலை நான் எழுந்திருப்பதற்குள் அப்பா அவனை வெளியே கூட்டிப்போய்த் திரும்பியிருந்தார். எதுவும் பேசவில்லை. நோட்டை எடுத்துப் பார்த்தேன். அவர் கையெழுத்தில், கோணலில்லாமல் ஒரு வரி: "கூழ். சளி உண்டு. தயிர் நிறுத்தம்."