கரையை விட்டுத் தள்ளித்தான் பறப்பேன்

ஃப்ளைபோர்டில், அதாவது நீர்ப்பீய்ச்சலால் கடலுக்கு மேலே தூக்கி நிறுத்தும் பலகையில், பறந்து வித்தை காட்டுபவன் நான். இராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் கடற்கரையில் திருவிழா என்றால், ஏற்பாட்டாளர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "தம்பி, கூட்டத்துக்குப் பக்கத்திலேயே பறந்து காட்டுவீர்களா?" மாட்டேன். ஏன் என்று எழுதி வைக்கிறேன். இனி கேட்பவர்களுக்கு இதையே அனுப்பலாம்.

ஃப்ளைபோர்டைத் தூக்குவது தண்ணீர். ஜெட் ஸ்கீ எனும் நீர் ஸ்கூட்டரின் அடியில் உள்ள வாய் கடல்நீரை உறிஞ்ச, உள்ளே இருக்கும் பம்பு அதைப் பின்பக்கம் பீய்ச்சுகிறது. அந்தப் பீய்ச்சலை நீண்ட குழாய் வழியாக என் காலடிப் பலகைக்குத் திருப்பிவிடுகிறோம். பிரான்ஸ் நாட்டு ஜெட் ஸ்கீ வீரர் ஃபிராங்கி சபாட்டா 2011இல் உருவாக்கிய கருவி இது. 2019 ஆகஸ்டில் அவர் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது வேறொன்றில்; அதற்குக் குழாய் கிடையாது, முதுகில் சுமந்த எரிபொருளில் ஓடும் ஜெட் எஞ்சின்கள்தாம். அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள், "அண்ணே, அப்படியே தலைமன்னாருக்குப் போய்விடலாமா?" என்று கேட்பார்கள். குழாயின் நீளம்தான் என் எல்லை என்று காட்டிக் கொடுப்பேன்.

அரியமான் இருப்பது வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில். எங்கள் பக்கத்தில் அதைப் பெண்கடல் என்பார்கள். அலை இல்லை, வெகு தூரம் நடந்தாலும் ஆழம் இல்லை. குழந்தைகள் குளிக்க இதைவிட நல்ல கடல் வேண்டாம். ஆனால் டால்பின் பாய்ச்சலில் நான் மேலிருந்து தலைகீழாகக் கடலுக்குள் போய், உள்ளே வளைந்து, மறுபடி மேலே வர வேண்டும். குறைந்தது 4 மீட்டர் ஆழம் இல்லாமல் அதைச் செய்வது கழுத்தைப் பணயம் வைப்பது. எனக்கு மூன்று பாகம், அதாவது ஏறக்குறைய ஐந்தரை மீட்டர், வேண்டும். அப்பா சங்கு குளித்தவர். நிகழ்ச்சியன்று காலையில் வத்தை எனும் சிறு படகில் போய், ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்து, மிதவை போட்டுவிட்டு வருவார். அந்த மிதவைகளுக்கு உள்ளேதான் என் மேடை.

இன்னொன்று, கடற்புல். கரையோரம் அது அடர்ந்து கிடக்கிறது. ஒரு கொத்துப் புல்லோ அறுந்த வலைத்துண்டோ ஜெட் ஸ்கீயின் வாயை அடைத்தால் பம்பு திணறும், அழுத்தம் போய்விடும். 10 மீட்டர் உயரத்தில் நிற்பவன் அப்படியே விழுவான். அது மட்டும் இல்லை. ஆவுளியா எனும் கடல்பசு மேய்வதும் மீன்குஞ்சுகள் ஒதுங்குவதும் அந்தப் புல்லில்தான். கைதட்டலுக்காக அதைப் பீய்ச்சிக் கிளறிவிட எனக்கு மனம் ஒப்பாது.

பீய்ச்சலைக் கூட்டிக் குறைக்கும் விசை என் கையில் இல்லை என்பதையும் பலர் அறிவதில்லை. ஜெட் ஸ்கீயில் உட்கார்ந்து அதைப் பிடித்திருப்பவர் என் மச்சான். நான் தலையைக் கவிழ்க்கும் நொடியில் விசையைக் குறைத்து, நீருக்குள்ளிருந்து திரும்பும்போது கூட்ட வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் நான் மூழ்கியே கிடப்பேன். பின்கரணம் அடிக்கப்போகிறேன் என்பதை என் தோள் அசைவிலேயே கண்டுகொள்வார். அறிவிப்பாளர் என் பெயரோடு அவர் பெயரையும் சொல்லாமல் நான் பலகையில் ஏறுவதில்லை.

தேதி பற்றியும் சொல்லிவிடுகிறேன். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடகடல் ஓரளவு அடங்கியிருக்கும். அப்போது கூப்பிடுங்கள், வருகிறேன். வாடை எனும் வடகிழக்குக் காற்று தொடங்கிவிட்டால் நிலைமை தலைகீழ். "அப்படியானால் தென்பக்கம் வைத்துக்கொள்ளலாமே" என்பார்கள். அங்கே 21 தீவுகளும் பவளப்பாறைகளும் 1986 முதல் தேசியப் பூங்காவாக இருக்கின்றன. அந்தப் பக்கம் ஜெட் ஸ்கீயை இறக்கமாட்டேன். அதனால் வாடை அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் நிகழ்ச்சியே ஏற்பதில்லை.

ஆகவே ஏற்பாட்டாளர்களே, பார்வையாளர் மேடையைக் கொஞ்சம் உயர்த்திப் போடுங்கள். நாட்டுப்படகுகள் போய்வரும் வழியை ஊர்த் தலைவர்களிடம் முன்கூட்டியே கேட்டு எனக்குச் சொல்லுங்கள். பாய்மரப் படகுப் போட்டி முடிந்து, படகுகள் கரை சேர்ந்த பிறகு எனக்கு நேரம் ஒதுக்குங்கள். பனைமர உயரத்தில் சுழல்பவனை எவ்வளவு தொலைவிலிருந்தும் பார்க்கலாம்.